கடல் நீரில் நுரைத்த சவர்க்காரம்

நானா,

எதை எழுதினாலும் முதலில் இலக்கம் போட்டுக்கொள்ளும் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இந்த மடலில் வரப்போவன:

1. இன்று காலை இறுகிக்கிடந்த லாச்சியும் அதைத் திறந்த சவர்க்காரத் துண்டும்.
2. காரம் மிஞ்சியிருக்கிறதா என்று நீங்கள் நாக்கில் வைத்துப் பார்த்த முறை பிழையானது என்பது.
3. உங்கள் சவர்க்காரம் உப்புத்தண்ணீரிலும் நுரைப்பதற்குக் காரணம்.
4. நிலாவெளியில் நான் ஒப்பம் வைக்க மறுத்தது. அதற்காக உங்கள் மகளிடமோ உங்களிடமோ நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்பது.

மாரி மழைக்கு அலுமாரியின் மேல் லாச்சி, அந்த மர இழுப்பறை, ஊதிப்போய்விட்டது. இழுத்தேன், தட்டினேன், வரவில்லை. பிறகு, நீங்கள் கடைசியாகத் தந்த கட்டியில் ஒரு துண்டு குளியலறை மாடத்தில் மிஞ்சியிருந்தது நினைவுக்கு வந்தது. அதை எடுத்து, தெரிந்த விளிம்புகளில் எல்லாம் தேய்த்தேன். இரண்டாவது இழுப்பில் லாச்சி வழுக்கிக்கொண்டு வந்தது. கையை மோந்து பார்த்தேன். சூடாக்கிய தேங்காய் எண்ணெயின் வாசம், அதற்குக் கீழே ஈரச் சுவரின் வாசம் போல ஒன்று. நீங்கள் போடும் சேட்டுக்கு எப்போதும் அந்த வாசம்தான்.

லாச்சிக்குள் மேலேயே கிடந்தது நிலாவெளி ஹோட்டல்காரர் அடித்துத் தந்த தாள். அடியில் என் பெயர் இருக்கிறது. பெயருக்கு மேலே புள்ளிக்கோடு. கோட்டின் மேல் ஒன்றுமில்லை. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இருபத்தாறு வருடம் நாம் ஒரே பாடசாலை ஆய்வுகூடத்தில் இருந்தோம். நான் கரும்பலகைப் பக்கம், இரசாயனம் படிப்பிக்கிறவன். நீங்கள் கழுவுதொட்டிப் பக்கம், ஆய்வுகூட உதவியாளர். வயதில் என்னைவிட நான்கு வருடம் மூத்தவர் என்பதால் அண்ணன் முறையில் நான் உங்களை நானா என்றேன். நீங்கள் கடைசிவரை சேர் என்பதை விடவில்லை. பின்னேரங்களில் சன்னலால் துறைமுகத்தைப் பார்த்தபடி போத்தல்களைத் துடைப்பீர்கள். விடுமுறை நாட்களில் கிண்ணியாவில் உங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் சவர்க்காரம் காய்ச்சுவீர்கள். அப்போது பாலம் இல்லை. பாதை என்ற அந்த மிதவையில் ஏறி, தண்ணீரைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு வந்து சேருவேன். "சேர் கடலைக் கடந்து வந்திட்டாரு, கதிரை கொண்டாங்க" என்று உள்ளே குரல் கொடுப்பீர்கள். அது கேலி என்று எனக்குத் தெரியும். கதிரையில் இருந்துகொள்வேன்.

நீங்கள் செய்த விதத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். மழைத்தண்ணீரில் கோஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைப்பீர்கள். சோடாவுக்கு மேல் தண்ணீரை ஊற்றினால் சீறும் என்பது நான் உங்களுக்குச் சொன்னதல்ல, உங்கள் முழங்கைத் தழும்பு சொன்னது. அது ஆறியதும், வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயில் நூல் போல ஊற்றிக்கொண்டு மரத் துடுப்பால் துழாவுவீர்கள். துடுப்பைத் தூக்கிக் கோடு ஒன்று போட்டால் அந்தக் கோடு மேலே நிற்க வேண்டும். நின்றால் பெட்டியில் ஊற்றிச் சாக்கால் போர்த்திவிடுவீர்கள். தேங்காய் எண்ணெய் அவசரக்காரன், மறுநாளைக்கு விட்டால் வெட்டும்போது உடையும். ஆகையால் அன்று பின்னேரமே தங்கூசியை, மீன்பிடிக்கிற அந்த நைலோன் நூலை, இரு கையிலும் பிடித்து இழுத்து வெட்டுவீர்கள். பிறகு ஐந்து கிழமை தட்டில் காயும். கணக்குக்கு வேண்டியதைவிட எண்ணெய் எப்போதும் கொஞ்சம் கூட. "தோலுக்கும் ஒரு பங்கு இரிக்கட்டும் சேர்" என்பீர்கள்.

கட்டியைச் சுற்றிய தாளில் உங்கள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: தேங்காய் எண்ணெய். வேறு எண்ணெய் இல்லை, கொழுப்பு இல்லை. அந்த வரிக்காகவே எங்கள் தெருச் சைவக்காரரும் உங்கள் பள்ளிவாசல் ஆட்களும், வெவ்வேறு மிருகத்துக்குப் பயந்து, ஒரே கட்டியை வாங்கினார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், வெள்ளைச் சேட்டுக் கொலரைத் தேய்த்தார்கள், விரலில் இறுகிய மோதிரத்தைக் கழற்றினார்கள். மரத்தில் ஏற மறுத்த திருகாணிக்கும் அதுதான். உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டியவர்களும் அதையே கேட்டு வாங்கிப் போனதாக மகள் சொன்னா.

இனி இரண்டாவது. வெட்டுவதற்கு முன் நீங்கள் குனிந்து, பெட்டியின் நான்கு மூலையிலும் நடுவிலும் விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் வைப்பீர்கள். சுட்டால் காரம் மிச்சம், திரும்பவும் பானைக்கு. சுடாவிட்டால் தங்கூசி. நான் வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னேன். பினோத்தலீன் ஒரு சொட்டு நடுவில் விட்டால் போதும், இளஞ்சிவப்பாக மாறினால் காரம், மாறாவிட்டால் இல்லை, நாக்கு ஒரு கருவி அல்ல என்றேன்.

"சொட்டு உங்கட, நாக்கு என்ட சேர். என்ட நாக்கு படாததை ஆர்ர பிள்ளைட மேலயும் போட மாட்டன்."

அது ஒரு உணர்ச்சி, பரிசோதனை அல்ல என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

அந்த நாக்கால் என்னையும் ஒருமுறை சுட்டீர்கள். ஆய்வுகூடத்துக்கு வராத போத்தல்கள் வந்ததாக அதிபர் ஒரு தாளை நீட்டினார். நான் ஒப்பம் வைத்தேன். நீங்கள் வெறும் போத்தல் தட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாக்கில வச்சுப் பாத்துத்தானா சேர் ஒப்பம் வச்ச?" என்றீர்கள். நான் சுண்ணக்கட்டியைத் தேடுவது போல மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன். நிமிர நேரம் எடுத்தது.

மூன்றாவது. துறைமுகத்துப் பக்கத்துக் கிணறுகள் பாதி உவர். கடைச் சவர்க்காரம் அதில் நுரைக்காமல் தயிர் போலத் திரளும். உங்களுடையது நுரைக்கும், கடல் தண்ணீரிலும் நுரைக்கும். தேங்காய் எண்ணெயில் உள்ள அமிலங்களின் சங்கிலி குறுகியது, அதனால் அந்தச் சவர்க்காரம் உப்பிலும் கரையும் என்று படம் போட்டு உங்களுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தென்ன கடக்கரையிலதானே நிக்கிது சேர். அதுக்கு உப்புப் பழக்கம்" என்றீர்கள். படத்தை அழித்துவிட்டேன்.

நான்காவதுக்கு வருகிறேன்.

நீங்கள் போன பிறகு மகள் வேலையை விடவில்லை. ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, நீங்கள் எழுதிய அந்த வரியையே அச்சடித்துச் சுற்றினா. நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்குக் கொள்வனவு செய்கிறவர் வந்தார். எல்லா அறைகளுக்கும், மாதாமாதம் ஓடர். ஆனால் தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு முக்கால்வாசி பாம் எண்ணெய் கலக்கச் சொன்னார். லேபல் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். அந்த வரி உண்மை என்று அடித்த தாளின் அடியில் இளைப்பாறிய இரசாயன ஆசிரியர் ஒருவரின் ஒப்பம் வேண்டும். அதற்காக மகளும் நானும் நிலாவெளிக்கு பஸ்ஸில் போனோம். ஹோட்டலின் முன்பக்கம், கடற்கரையில் கதிரை போட்டு எங்களை இருத்தினார்கள்.

"வெள்ளைக்காரனுக்கு எண்ணெய் தெரியவா போகுது சேர்?" என்றார் கொள்வனவுக்காரர். "சின்ன ஒரு ஒப்பம். அவ்வளவுதான் கதை."

மகள் என் பக்கம் திரும்பினா. "கலவையும் சவுக்காரம்தானே சேர்? நஞ்சில்லையே?"

"நஞ்சில்லை, மகள். லேபலை மாத்தினால் நானே ஒப்பம் வைப்பன்."

"லேபலுக்குத்தான் சேர் ஓடரே" என்றார் அவர்.

நானா, நான் பயந்தவன். பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவும் யோசிக்கிறவன். மறுக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அப்போது, நாக்கில் வைத்துப் பார்த்தா ஒப்பம் வைத்தீர்கள் என்ற உங்கள் கேள்விதான் காதில் விழுந்தது. மகள் மாதிரிக்குச் செய்து கொண்டுவந்த கலவைக் கட்டி ஒன்று, உங்கள் முறைப்படி செய்தது ஒன்று, இரண்டையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு எழும்பினேன். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தேன். அவசரத்தில் ஒரு கால் மற்றதைவிட உயரமாகிவிட்டது. அப்படியே கடலுக்குள் இறங்கினேன்.

பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். முதலில் கலவைக் கட்டியைத் தேய்த்தேன். வெள்ளைத் துணிக்கைகள் மிதந்தன, உள்ளங்கையில் பிசின் போல ஒட்டியது. பிறகு உங்களுடையதைத் தேய்த்தேன். முழங்கைவரை நுரை.

"ஐயா, மூஞ்சிக்கும் போடுங்க, மாப்பிள மாதிரி வருவீங்க!" என்று வலைக்காரர் ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கொள்வனவுக்காரர் சப்பாத்து நனையாத தூரத்தில் நின்று, "இஞ்ச ஆர் சேர் கடல்ல சவுக்காரம் போட்டுக் குளிக்கிறது?" என்றார்.

"நாங்க" என்றார் வலைக்காரர்.

அந்த நுரைக் கையோடு வந்து சொன்னேன்: "இந்தத் தாளில் என்ட பேர் கிடக்கலாம். ஒப்பம் வராது. வேற ஆளின்ட ஒப்பம் வந்தால், கலவை எண்டு நான் எழுதிக் குடுப்பன்." என் குரல் அவ்வளவு உரத்து வரும் என்று எனக்குத் தெரியாது. தாளை அவர் கையில் கொடுக்காமல் மடித்து என் சேட்டுப் பைக்குள் வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ் சாம்பல்தீவைத் தாண்டியது. மகள் சொன்னா: "நீங்க உங்கட மானத்தைக் காப்பாத்திட்டீங்க சேர். ஆறு அடுப்பு எரியணும். அதுக்கு என்ன சொல்றீங்க?"

ஆறு பெண்களில் இரண்டு பேர் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள், அதை உங்களுக்கு மறைக்க மாட்டேன். கரைவலை ஆட்கள் கேட்டு வாங்குகிறார்கள், ஆனால் அது ஹோட்டல் ஓடருக்கு ஈடாகாது. மூன்றாம் நாள் மகள் போன் எடுத்து, "வாப்பாட எழுத்து அப்பிடியே இரிக்கும். எண்ணெயும் அப்பிடியே இரிக்கும். கோவம் இன்னும் போகல்ல" என்றா. கோபம் அவவுடைய உரிமை. ஆனால் அந்த ஒப்பத்தை நாளைக்குக் கேட்டாலும் வைக்க மாட்டேன். உங்கள் வரிக்கு அடியில் பொய்யாக என் பெயர் வராது. வாழ்நாளில் ஒருமுறை வராத போத்தலுக்கு வைத்தது போதும்.

இதுவரை காலையில் எழுதினேன். மத்தியானம் மகள் வரச் சொன்னா, புதுப் பெட்டி ஒன்று வெட்டத் தயார் என்று. பாலத்தால் போனேன். இப்போது பின்னேரம் ஐந்தரை, மிச்சத்தை எழுதுகிறேன்.

என் சிறு போத்தலைத் திறந்து, பெட்டியின் நடுவில் ஒரு சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. "வெட்டலாம்" என்றேன். மகள் தங்கூசியைத் தரவில்லை.

"வாப்பா நாலு மூலையும் பாப்பாரு."

"மகள், விஞ்ஞானப்படி..."

"விஞ்ஞானத்துக்கு நாக்கு இல்லியா சேர்?"

பெண்கள் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உங்களைத் தெரிந்த நாற்பது வருடத்தில் முதல் தடவையாக நான் குனிந்தேன். நடுவில் ஒன்றுமில்லை. முதல் மூலை, இரண்டாவது, மூன்றாவது, ஒன்றுமில்லை. நான்காவதில் நாக்கின் வலது ஓரம் மின்சாரம் பட்டது போலச் சுட்டது. வாயைக் கழுவிவிட்டு அந்த மூலையில் ஒரு சொட்டு விட்டேன். நல்ல இளஞ்சிவப்பு. துழாவும்போது காரம் ஒரு பக்கம் ஒதுங்கி அங்கே தங்கியிருக்கிறது. நின்றுபோன இரண்டு பேரில் ஒருவர்தான் வழக்கமாகத் துழாவுகிறவர்.

முழுப் பெட்டியையும் திரும்பப் பானையில் போட்டோம். மகள் எனக்குப் பனங்கட்டியும் பச்சைத் தண்ணீரும் தந்தா. கோபம் போனதா என்று கேட்கவில்லை. போகும்போது, "அடுத்த கிழமையும் வாங்க சேர், நாக்கோட" என்றா.

நான் விட்ட சொட்டு நான் விட்ட இடத்தை மட்டும்தான் பார்த்தது. நான் எப்போதும் நடுவில்தான் விட்டேன், மூலைகளுக்குப் போகவில்லை. நீங்கள் போனீர்கள், உங்கள் வாயோடு. இதை எழுதும்போதும் நாக்கின் ஓரம் சுடுகிறது, தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. மேலே போட்ட பட்டியலில் இரண்டாவது பிழை. அதை வெட்டாமல் அப்படியே விடுகிறேன், நீங்கள் பார்ப்பதற்கு.