லொறித் தட்டில் சப்பாணி கட்டியிருந்தவளுக்கு

என் பிடிவாதக்கார அக்கா,

வடக்கே கரும்பு ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. பின்னேரமானால் இடி இடிக்கிறது, மழை மட்டும் மலையோடு நின்றுவிடுகிறது. நீ இல்லாத முதல் கோடை. உனக்காக எதுவும் நிற்கவில்லை, அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஒரு சனி ஆற்றங்கரையில் பாட்டு, அடுத்த சனி ஊர்க் கண்காட்சித் திடலில், அதற்கடுத்தது யாரோ ஒருவருடைய மாட்டுப் பண்ணையில். அதே நீளமுடிப் பொடியள், அதே நாய்கள், அதே கருகின சொசேஜ்.

செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் சண்டை பிடித்து லீவு வாங்கிக்கொண்டு உன் காரில்தான் போய் வந்தேன். பின் சீற்றில் நீ ஏறியிருந்து வாசிக்கும் பலகை. உன் வயலினைக் கொண்டு போகவில்லை. தந்திகளைத் தளர்த்தி, பெட்டிக்குள் வைத்து வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை எங்கள் ஆட்கள் சிட்னியில் ரோனியோ யந்திரத்தில் அடிக்கும் மாதத்தாளில் போடக் கொடுக்கிறேன். நீ படிக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். படிக்க வேண்டிய வேறு சிலர் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு கோபத்தை இறக்கி வைக்கிறேன். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஸ்ட்ராத்ஃபீல்டில் எஞ்சினியர் அங்கிள் வீட்டில் கூடினோம். சாப்பாட்டுக்கு முன் அங்கிள் கதிரையை விட்டு எழும்பி ஒரு பேச்சுப் பேசினார். நீ தெய்வீகக் கலைஞியாம். சுத்த சங்கீதத்துக்காகவே வாழ்ந்த பிள்ளையாம். போன வருடம் இதே அங்கிள் இதே வீட்டில் என்ன சொன்னார் என்பது உனக்கு நினைவிருக்கும். "கணக்கு ரீச்சர், படிச்ச பிள்ளை, சீலையோட லொறியில ஏறி நிண்டு குடிகாரருக்கு வாசிக்குது." நீ ஏறி நிற்கவில்லை, ஏறி இருந்தாய். அதைக்கூடச் சரியாகத் தெரிந்து வைத்திருக்காத மனுசன்.

சாப்பிட்டு முடிந்து கை கழுவும்போது என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்த வயலினை இங்கை தாரும். வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பொட்டு வைச்சு, பூ வைச்சு வைப்பம்."

"வேண்டாம் அங்கிள்."

"ஏன் காணும்?"

"பூ வைச்சால் அக்கா எழும்பி வந்து உங்களுக்கு அடிப்பா."

குசினிக்குள் அன்ரிமார் சிரித்தது எனக்குக் கேட்டது. அங்கிளுக்கும் கேட்டிருக்கும்.

நீ லொறியில் ஏறிய அந்த முதல் கோடையில் என்ன நடந்தது என்று இங்கே ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன், பிழை இருந்தால் வழக்கம்போல இடையில் வெட்டு.

வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கதவு கொஞ்சம் திறந்த காலத்தில் நீ இந்த நாட்டுக்கு வந்தாய். வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவரும் போக விரும்பாத வடக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் உன்னைக் கணக்குப் படிப்பிக்கப் போட்டார்கள். நான் பிறகு வந்தேன். இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூட மார்க் கேட்ட தரப்படுத்தலில் கம்பஸ் இடம் பறிபோய், வீட்டில் மூலைக்குள் கிடந்த என்னை நீதான் கூப்பிட்டு எடுத்தாய். அதற்குள் நீ ஜாக்கின் பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டாய். ஜாக்குக்கு மர ஆலையில் வேலை, பான்ஜோ வாசிப்பான். அவன் மகள் உன் வகுப்பில் பெயில். மார்க்கைப் பற்றிச் சண்டை பிடிக்க உன் வீட்டுக்கு வந்தவன், உள்ளே நீ வாசிப்பதைக் கேட்டுவிட்டு மார்க்கை மறந்து போனான். அவர்களுடைய ஆட்ட மெட்டுகளில் பாதி நம் மோகனத்துக்குள் அடங்கும் என்று கண்டுபிடித்துவிட்டு நீ துள்ளிய துள்ளல்!

அந்தக் கோடையில் ஆற்றங்கரை விழா. இரண்டு லொறிகளை முதுகோடு முதுகு சேர்த்து விட்டால் அதுதான் மேடை. ஜாக்கும் மற்றவர்களும் ஏறி நின்றார்கள். நீ சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, லொறித் தட்டில் சப்பாணி கட்டி இருந்தாய். வயலினின் தலையை வலது குதிக்காலில் வைத்து, மற்றப் பக்கத்தைத் தோளில் சாய்த்து, சுருதி சேர்க்கத் தொடங்கினாய். முன்னால் ஒலிபெருக்கிப் பெட்டிகள். சனத்துக்கு உன் உச்சந்தலைகூடத் தெரியவில்லை.

கெவின் ஓடி வந்தான். மாட்டுப் பண்ணைக்காரன், விழாக் குழுத் தலைவன், மடிப்புக் கலையாத தொப்பி.

"மிஸ், எழும்புங்கோ. சனத்துக்கு உங்களைத் தெரியேல்லை."

"நாங்கள் இருந்துதான் வாசிக்கிறது."

"இங்கை எல்லாரும் நிண்டுதான் வாசிக்கிறது."

"நிண்டால் இதை எதில வைக்கிறது? இது என்ர காலைப் பிடிச்சுக்கொண்டுதான் பேசும்."

"ஒண்டில் நில்லுங்கோ, இல்லாட்டி இறங்குங்கோ."

நீ நிற்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தாய். மைக் திறந்திருந்ததால் இவ்வளவும் திடல் முழுக்கக் கேட்டுவிட்டது. வியட்நாம் சண்டையை எதிர்த்துத் தெருத்தெருவாக உட்கார்ந்து பழகிய சனம் அது. ஒரு தாடிக்காரன், "அவவோட சேர்ந்து இருங்கோ!" என்று கத்தினான். புல்லில் நின்றவர்கள் மளமளவென்று கீழே இருந்தார்கள். ஜாக் பான்ஜோவோடு உன் பக்கத்தில் இருந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். "கோரிக்கை என்ன? கோரிக்கை என்ன?" என்று கூப்பாடு.

நீ திரும்பி, லொறியடியில் நின்ற என்னைப் பார்த்தாய்.

"தம்பி, இவை ஏன் இருக்கினம்?"

"நீ போராட்டம் செய்யிறாய் எண்டு நினைக்கினம்."

"நானோ? நான் சுருதியெல்லோ சேர்க்கிறன்!"

அங்கேயே நீ சிரித்துவிட்டு வாசிக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் உன் பார்வை சனத்தைத் தாண்டிப் போனது. ஆற்றோரக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் நின்றது. இந்த மண்ணின் பூர்வகுடிச் சனம், அந்த ஊரை விடப் பழைய சனம். காலையில் கேற்றில் நின்ற பொலிஸ்காரன் எங்களை விட்டுவிட்டு அவர்களுடைய பைகளை மட்டும் கொட்டிக் கிளறியதை நாங்கள் பார்த்திருந்தோம். அவர்கள் திரும்பிப் போய் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

எங்கள் கோயில் மதிலுக்கு வெளியே நின்று நாதஸ்வரம் கேட்ட சனத்தை நீயும் நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம். நாங்கள் உள்ளே நின்றவர்கள். ஸ்ட்ராத்ஃபீல்ட் அங்கிளும் உள்ளே நின்றவர்தான். இதையும் மாதத்தாளில் அப்படியே அடிக்கட்டும்.

நீ மைக்கைக் கீழே இழுத்தாய். "கோரிக்கை இருக்கு. அந்தக் கேற்றைத் திறவுங்கோ."

திறந்தார்கள். ஆனால் ஒருவரும் உள்ளே வரவில்லை. வாசித்து முடிந்ததும் நீ இறங்கி வேலிக்குப் போனாய், நானும் பின்னால் வந்தேன். கவிழ்த்த வாளியில் ஒரு பருத்த மனுசி இருந்தா. அவதான் டொட் அன்ரி.

"நாங்கள் உன்னைக் கேட்டனாங்களோ பிள்ளை?"

நீ திறந்த கேற்றைக் கை காட்டினாய்.

"இங்கையிருந்து வடிவாக் கேட்குது. காசுமில்லை, பொலிசுமில்லை. உள்ளுக்கு வந்து கை தட்டுறதுக்கு எங்களுக்கென்ன விசரோ? என்ர தங்கச்சி மகன் ரே, உவன் கிற்றார் வாசிப்பான். அந்தத் தொப்பிக்காரனிட்டை வருசக்கணக்கா மேடை கேட்கிறான். ஏலுமெண்டால் அதைக் கேள்."

நீ வெட்கப்பட்டு அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். பிறகு நேரே கெவினைத் தேடிப் போனாய்.

ரேக்குக் கெவின் கொடுத்தது ஞாயிறு காலையில் பத்து நிமிடம். சனம் கூடாரத்துக்குள் குறட்டை விடும் நேரம். அடுத்த கோடையும் அதே காலை, அதே பத்து நிமிடம். உனக்கோ பொழுதுபடும் நேரத்து ஒரு மணித்தியாலம், விழாவின் நல்ல நேரம். பின்னேரத்தில் ரேக்கும் ஒரு மணித்தியாலம் கொடு என்று ஒவ்வொரு கோடையும் கேட்டாய். "அடுத்த வருசம் பாப்பம்" என்று ஒவ்வொரு கோடையும் சொன்னான். ஆலையில் கழித்த துண்டுகளில் ஜாக் உனக்கு அந்தப் பலகையைச் செய்து தந்தான், சப்பாணி கட்டி இருந்தாலும் உன் முகம் தெரியட்டும் என்று. அந்த உயரத்திலிருந்து நீ ரேக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தாய். பிறகு இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். ஓகஸ்ட் குளிருக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ கேட்ட அந்த ஒன்று மட்டும் அப்படியே கிடந்தது.

இனி இந்த வருடச் செய்தி.

கெவின் சிட்னிக்கு ரெலிபோன் எடுத்தான். உன் மணித்தியாலத்தை வேறு ஒருவருக்கும் கொடுக்கவில்லையாம். மேடையில் உன் படம், மாலை, ஊதுபத்தி, பலகையின் மேல் வயலின். பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து சித்தார் வாசிப்பார், சனம் கண்ணை மூடித் தியானம் செய்யும். சுவரொட்டியும் அடித்தாயிற்று: கிழக்கின் ஆன்மாவுக்கு அஞ்சலி. நீ கிழக்கின் ஆன்மாவோ அக்கா? மேடைக்குப் பின்னால் இருந்து நுளம்புக் கடியை ஏசிக்கொண்டு கணக்குக் கொப்பி திருத்தியவள் நீ.

கெவின் கெட்டவன் இல்லை. உன்னைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு தரம் மூக்கைச் சிந்தினான். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். அவனும் ஸ்ட்ராத்ஃபீல்ட் அங்கிளும் ஒருநாளும் சந்தித்ததில்லை, இருவருக்கும் வந்தது ஒரே யோசனை. பெண்ணைப் படமாக்கு, வாத்தியத்தைச் சாமியாக்கு, பிறகு அவள் கேட்டது ஒருவருக்கும் கேட்காது. வயலினை வீட்டில் விட்டுவிட்டு வந்தது அதற்காகத்தான்.

விழாவன்று முதலில் ஆற்றோர வேலிப் பக்கம், டொட் அன்ரியின் ஆட்களிடம் போனேன். உன்னைப்போலக் கேட்காமல் தொடங்கி வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

"அக்காவின்ர மணித்தியாலத்தை எடுப்பியோ?" என்றேன் ரேயிடம்.

"அஞ்சலி கிஞ்சலி எனக்குத் தெரியாது. என்ர பாட்டைத்தான் பாடுவன்."

"அதைத்தான் பாடு."

பிறகு கெவினிடம் போனேன். "ரேக்கு ஞாயிறு காலமை இருக்கு" என்றான். "இது உன்ர அக்காவின்ர நேரம் தம்பி. மரியாதை எண்டு ஒண்டு இருக்கு." பலகையை லொறிக்கு ஏறும் படியின் முன்னால் போட்டேன். அதில் சப்பாணி கட்டி இருந்தேன். என்னைத் தாண்டாமல் ஒருவரும் மேடைக்கு ஏற முடியாது.

கெவினின் முகம் தக்காளிப் பழமாகிவிட்டது.

"எழும்பு! உனக்கு வயலினும் வாசிக்கத் தெரியாது!"

"ஓம், தெரியாது. அதாலதான் கெதியில எழும்ப மாட்டன்."

ஜாக் வந்தான். பக்கத்துப் புல்லில் இருந்தான். அவன் குழுவின் மத்தளக்காரன் வந்து இருந்தான், அவன் பெண்சாதி பிள்ளையோடு வந்து இருந்தாள். அந்தத் தாடிக்காரன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான் அக்கா, அவனும் வந்தான். சித்தார்க்காரர்கூட, "எனக்கும் இந்த ஊதுபத்தியால தும்மல் வரும்" என்று சொல்லிவிட்டு இருந்தார். கெவின் தொப்பியைக் கழற்றினான், போட்டான், திரும்பவும் கழற்றினான்.

"ஒரு மணித்தியாலம். ஒரு நிமிசமும் கூட இல்லை" என்றான்.

ரே ஒன்றரை மணித்தியாலம் பாடினான். அவனும் தம்பிமார் இருவரும். மர ஆலையைப் பற்றி ஒரு பாட்டு, பொலிஸ் அறையில் கழித்த இரவைப் பற்றி ஒன்று, சிரிப்புக் காட்டும் ஒன்று. அவனை ஏமாற்றிவிட்டு பஸ் றைவரோடு போன ஒருத்தியைப் பற்றியது அது. ரே உன் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்தது. இதுவரை காலையில் குறட்டை விட்ட சனம் எழும்பி நின்று ஆடியது. நல்ல பாட்டுக்காரன் அக்கா. உனக்காகக் கொடுத்த நேரம் என்று ஒருவரும் இரக்கப்படத் தேவையில்லாத அளவுக்கு நல்லவன்.

பாதியில் டொட் அன்ரி வேலியைச் சுற்றி, கேற்றால் நேரே உள்ளே வந்தா. அவவுக்கு முழங்கால் ஏலாது. மேடை முன்னால் சும்மா கிடந்த உன் பலகையைப் பார்த்தா, அதில் பொத்தென்று இருந்தா. கெவின் பதறிக்கொண்டு வந்தான்.

"அது அந்த ரீச்சரின்ர நினைவுப் பொருள்!"

டொட் அன்ரி அவனை அண்ணாந்து பார்த்தா. "பலகை, ராசா. இருக்கத்தான் செய்தது."

அவவை எழுப்ப அந்தத் திடலில் ஒரு மனுசருக்கும் தைரியம் வரவில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை அதிலேயே இருந்து, கையால் பலகையில் தாளம் போட்டா.

வயலினைப் பற்றிக் கவலைப்படாதே, அது அலமாரிக்குப் போகாது. ஜாக்கின் மகள் கேட்டிருக்கிறாள். கணக்கில் இன்னும் பெயில்தான். நின்று வாசிப்பாளா, இருந்து வாசிப்பாளா என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த கோடைச் சுவரொட்டியில் ரேயின் பெயர் பெரிய எழுத்தில், பின்னேர நேரத்தோடு வராவிட்டால் அந்தப் படியின் முன்னால் திரும்பவும் பலகையைப் போடுவேன். வந்தாலும் பலகையைக் கொண்டுதான் போவேன், டொட் அன்ரிக்கு இருக்க ஓர் இடம் வேண்டும்.

உன் பலகையைக் காவித் திரியும்,
வயலின் தெரியாத தம்பி,
செவன் ஹில்ஸ்.