கருடனுக்குப் பின்னால் என் பெயர்ப்பலகை

கார்த்திகை 9, செவ்வாய்.

இன்னும் வாய் கசக்கிறது. பக்கத்து லாட்ஜ் மாடியில் கருடன் சிலை வைத்ததிலிருந்து என் பல் கிளினிக்கின் பெயர்ப்பலகை தெருவுக்குத் தெரிவதில்லை. வருகிறவர்கள் தேடிப் பார்த்துவிட்டுத் தில்லை நகரில் இருக்கும் வேறு பல் டாக்டர்களிடம் போய்விடுகிறார்கள். இப்படியே போனால் பூட்ட வேண்டியதுதான். ரங்கநாதர் கோயிலுக்கு அருகில் என்பதால் பலகையின் உயரத்துக்கு வரம்பு உண்டு. கொஞ்சம் உயர்த்திக்கொள்ள விலக்கு கேட்டு இன்று மறுபடியும் மாநகராட்சி அலுவலகம் போனேன்.

"விலக்கெல்லாம் கிடைக்காதுங்க மேடம்" என்றார் அதிகாரி. "பலகையை ஏத்தி, அதுக்கு மேல ஒரு பெருமாளை நிறுத்திடுங்க. யாரு கை வைப்பா?"

"பெருமாளுக்கு உயரக் கணக்கு கிடையாதா சார்?"

"உங்க பக்கத்து லாட்ஜ்காரருக்கும் நான்தாங்க சொன்னேன்" என்று சிரித்தார்.

தினமும் அந்தக் கருடனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கிளினிக்கைத் திறக்கிறேன்.

வீட்டில் சொன்னதும் கணவருக்கு உற்சாகம். "நல்ல ஐடியாதானேம்மா? ரங்கநாதர் வேண்டாம், படுத்திருப்பார், உயரம் வராது. நின்ன பெருமாளா செய்யச் சொல்லிடறேன்."

அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நாளைக் காலையில் அந்தக் கருடனைத் தாண்டித்தான் போக வேண்டும். கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடுமோ என்னவோ.