சத்தத்தை வடிகட்டும் செயலி

அன்புள்ள அப்பா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

ஃப்ரீலான்ஸ் வேலைக்காக நான் கணினியில் பேச உட்கார்ந்தால், நீங்கள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெயிலில் போய் நிற்கிறீர்கள். நேற்று எதிர்வீட்டு அத்தையிடம், "உள்ள எங்க காலேஜ்காரம்மா மீட்டிங் நடத்துறாங்க, என்னை வெளிய அனுப்பிட்டாங்க" என்று சிரித்தீர்கள். அத்தை சிரிக்கவில்லை. "அப்ப என் துணி என்னைக்குண்ணே கிடைக்கும்?" என்றார்.

இலவசச் செயலி ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள சத்தத்தை வடிகட்டி, என் குரலை மட்டும் அனுப்பும். நீங்கள் தைக்கும்போது, உங்களுக்குத் தெரியாமல் தோழியிடம் பேசிச் சோதித்தேன். அவளுக்கு மிஷின் கேட்கவே இல்லை.

நாளை காலை புதிய நிறுவனம் ஒன்றிடம் பேசி வேலை கேட்க வேண்டும். பேச வேண்டியதை நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டேன், பயம் போகவில்லை. மிஷின் சத்தம் அவர்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டால் தைரியமாக இருக்கும். வெளியே போகாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருங்கள் அப்பா.

உங்கள் மூத்த மகள்