ராணியின் மணிப்பட்டை

சேசு மரி சூசை துணை

கல்மண்டபம்
3-6-66

அன்பு மகன் லியோனார்டுக்கு,

இந்த முறை யாரையும் கெஞ்சி எழுத வைக்கவில்லை. இரவுப் பள்ளிக்குப் போய்க் கற்றேன். ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது! ஒரு வரிக்கு ஒரு பீடி ஆகிறது. "எய்துனது போதும், கஞ்சி ஆறுது" என்று உன் அம்மா கத்துகிறாள். கத்தட்டும்.

நாடகத்தில் உன் ராணி வேஷத்துக்குத் தைத்தனுப்பிய கழுத்துப் பட்டை எப்படி? எந்த ரவிக்கையிலும் கொக்கியால் மாட்டலாம், துவைக்கும்போது கழற்றலாம். மணிகளைத் தூண்டில் நரம்பில் கோத்திருக்கிறேன். ஹார்பரில் சரக்குக் கட்டிய கை. யானை இழுத்தாலும் வராது.

நைனா அம்புரோஸ்

செங்கல்பட்டு
8-6-66

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் எழுத்தைக் கொட்டகை முழுக்கக் காட்டினேன். ஆனால் இழுத்தும் பட்டை வரவில்லை, அதுதான் வினை. ராணியின் பட்டையைப் பிடுங்கிக்கொண்டு அரசன் அவளைத் துரத்தும் கட்டம். அரசனாக வரும் தேசப்பன் இழுத்தார். பட்டையோடு நானும் போய் அவர் காலில் விழுந்தேன். கழுத்தில் ரத்தம். சனம் சிரித்தது. "இன்னாடா, ராணியா நீ, அரிசி மூட்டையா?" என்றார் முதலாளி. திருவொற்றியூரிலும் இப்படி நடந்தால் வேஷம் வேறு ஆளுக்காம்.

பட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆடும்போது நிற்க வேண்டும், இழுத்தால் வர வேண்டும். ஒரு முறை பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். "பொடவ கட்ன புள்ளயப் பாக்க மாட்டேன்" என்றீர்களே.

லியோனார்ட்

கல்மண்டபம்
12-6-66

அன்பு மகனுக்கு,

கொக்கிகளை எடுத்துவிட்டுப் பிரஸ் பட்டன் வைத்தேன். உன் அம்மாவுக்கு மாட்டி இழுத்தேன், ரவிக்கை கிழிந்தது. "அப்பனும் புள்ளயும் சேந்து என்ன சாவடிங்க" என்றாள். பட்டன் குறைந்தால் இருமினாலே விழுகிறது. கூடினால் வர மறுக்கிறது. அந்த அரசன் எந்தப் பக்கமிருந்து இழுப்பான்? காகிதத்தில் கேட்டு ஆகிற வேலையில்லை.

அதனால் பட்டையைத் தபாலில் போடவில்லை. ஊசி நூலோடு திருவொற்றியூருக்கு நானே வருகிறேன். புடவையில்தானே நிற்பாய்? நில்.

நைனா

மீஞ்சூர்
20-6-66

அன்புள்ள நைனாவுக்கு,

திருவொற்றியூரில் ஆட்டம் முடிந்ததும் சொல்லாமல் போய்விட்டீர்கள். திரைக்குப் பின்னால் பட்டனை மாற்றித் தைத்தபோதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேசப்பன் இழுத்தார். பட்டை ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் முன் வரிசையிலிருந்து அந்தக் குரல்: "டேய் கஸ்மாலம், எம் பொண்ணு மேலருந்து கைய எட்றா!"

தேசப்பன் வசனத்தையே மறந்துவிட்டார். "யார்றா அது?" என்றார் முதலாளி. "எங்க நைனா" என்றேன்.

வேஷம் எனக்கே. இங்கே இருபத்தைந்தாம் தேதி ஆட்டம். அம்மாவையும் கூட்டி வாருங்கள். உங்களைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கச் சொல்கிறார் தேசப்பன்.

லியோனார்ட்