எட்டுப் பேருக்கு ஒரு ரேசர்

என் அன்பு மனைவிக்கு, நான் சௌக்கியம். வயிற்றில் நம் வாண்டு உதைக்கிறதா?

கம்பெனி ரத்தப் பரிசோதனையில், எங்கள் அறைச் சமையல்கார அண்ணனுக்குக் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. உடனே அவர் தட்டைத் தனியாக ஒதுக்கினோம். கம்பெனி நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"தட்டுல ஒட்டாதுப்பா, ரத்தத்துல பரவும். எட்டுப் பேரும் ஒரே ரேசர்ல சவரம் பண்றீங்களே!"

கண்ணுக்கே தெரியாத காய்ந்த ரத்தத் துளியில்கூட அந்தக் கிருமி ஏழு நாள் உயிரோடிருக்குமாம். அப்பேர்ப்பட்டதை மூன்றே தடுப்பூசி தடுத்துவிடுமாம்! மலைத்துப்போனேன். பயப்படாதே, எனக்கு இல்லை. முதல் ஊசியும் போட்டாயிற்று. அண்ணனோடு சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். ரேசர் மட்டும் ஆளுக்கொன்று.

நீயும் ரத்தப் பரிசோதனை செய்துகொள். பிள்ளைக்குப் பிறந்த அன்றே இந்த ஊசியைப் போடச் சொல். வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. நான் ஊருக்கு வந்து பிள்ளையைத் தூக்க ஒரு வருஷமாகும். அதுவரை அந்த ஊசி காவலிருக்கட்டும்.