காப்புரிமை முடிந்த மறுநாள்

இஞ்சாருங்கோ,

சிறைக்குச் சாப்பாடு இனி என் தம்பி கொண்டுவருவான்.

உங்கள் வெங்காயத்தாள் வெட்டும் இயந்திரத்தின் காப்புரிமை நேற்று முடிந்தது. "வழக்கு முடியிறதுக்கு முதல் உரிமை காலாவதியாயிடும், செலவுதான் மிச்சம். விடுங்கோ" என்று போன மாதம் உங்கள் வழக்கை எடுத்த அப்புக்காத்து சொன்னபோது தலையாட்டினீர்கள். பிறகு நேரே அச்சுவேலிக்குப் போனீர்கள். உங்கள் இயந்திரத்தைக் களவாகச் செய்து விற்ற சிவநேசனின் பட்டறையில் எல்லாவற்றையும் சம்மட்டியால் உடைத்தீர்கள். அத்தோடு நிறுத்தவில்லை. அவன் வலக்கையை இரும்பு மேசையில் அழுத்திப் பிடித்து, விரல்கள் நசுங்கும்வரை அடித்தீர்கள்.

ஆசுபத்திரிக்குப் போனேன். அவன் மனைவி என்னைத் திட்டவில்லை.

"கையை வெட்டி எடுத்துப்போட்டினம் அக்கா" என்றாள்.

இன்று சுன்னாகத்துக் கடைகளில் உங்கள் இயந்திரத்தை வேறு ஆட்கள் செய்து விற்கிறார்கள். இனி எவரும் செய்யலாம். அவனால்தான் முடியாது.

மகள் உங்களைக் கேட்கிறாள். அவளை அங்கே கூட்டிவரச் சொல்லாதீர்கள்.

அவளுடைய அம்மா