அண்ணி பிடித்திருந்த கை

அண்ணா,

தேரடி வீதி ஜெராக்ஸ் கடையில் நீ விரல் வைத்துப் பேசிய பட அட்டைகளில் ஒன்றை மறுபடி லேமினேட் செய்யக் கொடுத்தேன். ஓரம் பிரிந்துவிட்டது. சூடான பிளாஸ்டிக் வாடை வந்ததும் அந்த நாள் ஞாபகம் வந்தது.

பக்கவாதம் உன் பேச்சைக் கொண்டுபோனபோது, மௌனச் சாமியார்களைக் கும்பிடும் நம்மூர் உனக்குப் பதவி உயர்வு கொடுத்தது. லாட்ஜ் மேனேஜராகக் கத்திக்கொண்டிருந்த வரை கிடைக்காத மரியாதை, வாயடைத்து வாசலில் உட்கார்ந்ததும் கிடைத்தது. செங்கம் ரோட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், மௌன விரதம் என்று நினைத்து உன் வலது காலைத் தொட்டுக் கும்பிட்டார். அதை இழுத்துக்கொள்ள உன்னால் முடியவில்லை.

அப்புறம் எழுத்துப் பலகை வந்தது. இடது கை நடுங்குகிறதே என்று அண்ணி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நீ விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். விரல் எழுத்து எழுத்தாகத் தொடும். நிம்மதியாக இருப்பதாகச் சொன்னாய். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் நடக்கும் என்று குறி சொன்னாய். கழுத்து ரத்தக்குழாய்க்கு வேலூரில் ஆபரேஷன் வேண்டாம் என்றாய். செய்யாவிட்டால் இன்னொரு அடைப்பு வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"அவரே வேணாம்னு சொல்லிட்டாரும்மா" என்றார் அண்ணி, உனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம்.

"சொன்னது அவருதானான்னு பாத்துடலாங்க. என்னை நம்ப வேணாம், நீங்களே பாருங்க."

அண்ணியை வெளியே அனுப்பிவிட்டு உனக்கு ஒரு பூட்டைக் காட்டினாள். பிறகு உனக்குத் தெரியாமல் அண்ணிக்குச் சீப்பைக் காட்டி உள்ளே அழைத்தாள். அண்ணி உன் கையைப் பிடித்தார். என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு உன் விரல் 'சீப்பு' என்றது. மறுபடியும் செய்தாள். நீ பார்த்தது சாவி, அண்ணி பார்த்தது டம்ளர். பலகை 'டம்ளர்' என்றது.

"நான் ஒண்ணும் தள்ளலம்மா, அண்ணாமலையார் சத்தியமா" என்று அண்ணி தன் கையையே பார்த்து அழுதார். அவர் சொன்னது உண்மைதான். அவருக்கே தெரியாமல் அந்தக் கை பேசியிருக்கிறது. அப்படியென்றால் இத்தனை மாதம் நீ எங்கே இருந்தாய்?

அந்தப் பெண் பட அட்டைகளைப் பரப்பினாள். "யாரும் தொடாதீங்க. எவ்ளோ நேரமானாலும் பரவால்ல."

காத்திருந்தோம். உன் விரல் தள்ளாடித் தள்ளாடிப் போய், பயந்த முகம் ஒன்றின் மேல் நின்றது. அட்டைகளை இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் அதே முகம்.

"வேலூர் போறதுக்கு பயமா?"

'இல்லை' அட்டையைத் தொட்டாய்.

"போகாம இருந்துடுவோமேன்னு பயமா?"

'ஆமாம்' அட்டையில் வைத்த விரலை நீ எடுக்கவே இல்லை.

வேலூர் போனோம், ஆபரேஷன் முடிந்து வந்தோம். அதற்குப் பிறகு நீ இருந்த பல வருடமும், 'வேண்டாம்' அட்டையை நீ அண்ணியின் உப்புமாவுக்கு மட்டுமே செலவழித்தாய்.

இப்போதும் கோபுர வாசலில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் யாரையாவது ஜனங்கள் கும்பிடுவதைப் பார்த்தால் என்னால் கடந்துபோக முடிவதில்லை. நின்று, "எதாவது வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். நிம்மதியாக இருக்கிறது.

கடைக்காரர் அந்தப் பயந்த முக அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருங்க இது, இப்டி முழிக்கிறாரு?"

"எங்க அண்ணன்" என்று சொல்லி, சூடு ஆறுவதற்குள் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.